ஒரகடத்துக்கு ஒரு நோயாளி தேவை

கிள்ளானிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிற எங்கள் ஆட்களுக்கு மூன்று காரணங்கள்தான் உண்டு: கோயில், பட்டுச்சேலை, பல் கட்டுவது. சென்னை விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். விமானத்தில் சரியாகத் தூங்காததால் வாய் முந்திக்கொண்டது. "மனநோயாளியாக நடிக்க வந்திருக்கிறேன்" என்றேன்.

அவர் என் முகத்தையும் பாஸ்போர்ட்டில் இருந்த முகத்தையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். "சினிமாவா?"

"இல்லைங்க, ஆஸ்பத்திரியில்."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. மேலே எதையாவது கேட்டால் நானும் பதில் சொல்லிவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ, முத்திரையைக் குத்தி என்னை அனுப்பிவிட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. என் பெயர் மணியம். கிள்ளானில் ஒரு மனநல வார்டில் முப்பத்திரண்டு வருஷம் ஆண் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவன். மெர்லின் என்ற தமிழ்நாட்டு டாக்டர் இரண்டு வருஷம் எங்கள் வார்டில் வேலை பழகினார். முதல் வாரத்திலேயே ஒரு நோயாளியிடம் கன்னத்தில் ஓர் அறை வாங்கி, அதற்கு நான் ஐஸ் வைத்துவிட்டதில் எங்கள் நட்பு தொடங்கியது. இப்போது ஒரகடம் சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சுற்றிலும் தொழிற்சாலைகள். தூக்கம் கெட்டு, பயந்து, கோபம் தலைக்கேறி, சில நாள் கையில் கிடைத்ததையும் எடுத்துக்கொண்டு ஆட்கள் வந்து நிற்கிறார்களாம். வாசல் காவலாளியிலிருந்து மருந்தகப் பெண் வரைக்கும் அந்த நேரத்தில் எப்படி நடந்துகொள்வது என்று ஒத்திகை வைத்துப் பழக்க வேண்டும். ஒத்திகைக்கு ஒரு நோயாளி வேண்டும்.

"உள்ளூர் நாடகக்காரங்களக் கூப்பிட்டுப் பார்த்தேன் அங்கிள். சட்டையக் கிழிச்சுக்கிட்டு ஹா ஹான்னு சிரிக்கிறாங்க. நிஜத்துல எப்படி இருப்பாங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் போனில்.

என் மனைவி பத்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "போய்ட்டு வாங்க. முப்பத்தஞ்சு வருஷமா நான் பார்க்காத நடிப்பா" என்று பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

முதல் நாள் எனக்கு வேலை இல்லை. படப்பையில் ஒரு விடுதியில் குளித்துவிட்டு, கீழே மெஸ்ஸில் பசியாறப் போனேன். பரிமாறியவரிடம் "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். அவர் என்னை ஏதோ சாமியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அந்த வார்த்தைதான். இட்லியும் வடகறியும் வந்தன. ரொட்டி சானாய்க்குப் பருப்புக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு வடகறி மேல் ஒரே நாளில் காதல் வந்துவிட்டது. நாலு இட்லிக்கு மூன்று தடவை வடகறி வாங்கினேன். மூன்றாவது தடவை அவர் பாத்திரத்தையே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோ. மலேசியாவில் ஒரு காரில் ஐந்து பேருக்கு மேல் ஏறினால் சம்மன் கொடுப்பார்கள். இங்கே ஓட்டுநரின் இருக்கையிலேயே மூன்று பேர். நான் பன்னிரண்டாவது ஆள். நூற்றிரண்டு கிலோ உடம்பு வேறு. "பெர்சு, கொஞ்சம் மூச்ச உள்ள இழுத்துக்கோ, இன்னொருத்தர் குந்திக்கட்டும்" என்றார் ஓட்டுநர். இழுத்துக்கொண்டேன். சேரப்பணஞ்சேரி வரைக்கும் விடவில்லை.

என் மடியில் பாதி உட்கார்ந்திருந்த இரண்டு வடநாட்டுத் தொழிலாளர்கள் ஒரே போனைக் காதில் வைத்து இந்தியில் மகிழ்ச்சியாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். என்ன விஷயம் என்று ஓட்டுநரிடம் கேட்டேன். அவர் திரும்பாமலே மொழிபெயர்த்தார்: "அவுங்க ஊட்ல ஆடு ரெண்டு குட்டி போட்டுகீதாம். ஒண்ணு கருப்பாம். அதுக்கு இவன் சூப்பர்வைசர் பேர வெக்கச் சொல்றான்."

மதியம் மெர்லின் என்னை ஒரு கொரியர் உணவகத்துக்குக் கூட்டிப்போனார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பெயர்ப்பலகைகள் தமிழ், ஆங்கிலம், கொரியம் மூன்றிலும் தொங்குகின்றன. எங்கள் ஊரில் சீனர் கடையில் தமிழர் சாப்பிடுவார். இங்கே கொரியர் கடையில் தமிழர் சமைக்கிறார். சமையற்காரர் எட்டிப்பார்த்து, "சார், கிம்ச்சி புளிப்பு ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்க, தயிர் தரேன்" என்றார். சாப்பிட்டுக்கொண்டே மெர்லின் என்னுடைய பாத்திரத்தை விளக்கினார். இரண்டு ஷிப்ட் சேர்த்து வேலை பார்த்து மூன்று நாளாகத் தூங்காத தொழிலாளி. கேமரா தன்னையே பார்க்கிறது, டிவி தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று நம்புகிறான். கையில் அட்டைப்பெட்டி கிழிக்கிற கட்டர் வைத்திருக்கிறான். நிஜக் கட்டருக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் பொம்மைக் கட்டர் தயாராக இருந்தது. "இந்த மாதிரிதான் இங்க நிறைய பேர் வராங்க" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி அந்தோணியைப் பற்றிச் சொன்னார். வாசல் காவலாளி. வயது ஐம்பத்திரண்டு. போன மாதம் பயந்துபோய் ஓடிவந்த ஒரு தொழிலாளியைப் பின்னாலிருந்து பிடித்து அமுக்கியதில் அந்த மனிதனின் மணிக்கட்டு உடைந்துவிட்டது. நிர்வாகம் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறது. இந்த ஒத்திகையில் தேறினால் வேலை. தேறாவிட்டால் அவரை அனுப்பிய ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வயதில் ஏஜென்சி இன்னோர் இடம் பார்த்துக் கொடுக்காது. தேறினாரா இல்லையா என்பதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் கடைசி மதிப்பெண்ணை நோயாளிதான் போட வேண்டும். அதாவது நான்.

"இது தெரிஞ்சிருந்தா பத்மாவையே அனுப்பியிருப்பேன். அவளுக்குத்தான் ஃபெயில் போட்டுப் பழக்கம்" என்றேன். மெர்லின் சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒத்திகை அறையில் என் நடிப்பு படுதோல்வி அடைந்தது. நான் நன்றாகத்தான் நடித்தேன். குற்றம் என் பாஸ்போர்ட்டில். வெளிநாட்டு விருந்தாளியை எப்படி அதட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் மூலையில் ஒண்டிக்கொண்டு "கிட்ட வராதே! கேமரா பார்க்குது!" என்று கத்தினால், மருந்தகப் பெண் "சார், ஃபேன கொஞ்சம் ஜாஸ்தி வெக்கவா?" என்கிறாள். இன்னொருத்தி சாத்துக்குடி ஜூஸோடு வந்தாள். "மத்தியானம் மோர் வேணாம்னு சொன்னீங்க இல்ல சார், அதான் சூடு" என்று செல்வி என்ற நர்ஸ் காரணமும் கண்டுபிடித்துவிட்டாள். படப்பைக்காரி. எனக்கு மோர் ஊற்ற வந்தவளும் அவள்தான்.

இரண்டரை மணிக்கு நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நான் உச்சக் கட்டத்தில் இருந்தேன். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது. இந்தச் சாலையில் எல்லாமே ஷிப்ட் கணக்குதான். ஆஸ்பத்திரி ஊழியர்களும் ஷிப்ட் பஸ்ஸில்தான் வீடு போகிறார்கள், அது யாருக்காகவும் நிற்காது. கதவு திறந்து அடுத்த ஷிப்ட் உள்ளே வந்தது. செல்வி என்னைக் கையால் காட்டி, ஒரு தாளைப் பார்த்து மரியாதையாக ஒப்படைத்தாள்: "பேஷன்ட் காலைல இருந்து கத்திக்கினு இருக்கார். கட்டர் வலது கைல. கேமரா பயம். லஞ்ச் சாப்ட்டார். வரேன் சிஸ்டர்." ஐந்து பேர் போனார்கள், ஐந்து பேர் வந்தார்கள். நான் கத்துவதை நிறுத்திவிட்டு அவர்களுக்கு வழிவிட்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மெர்லின் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

கடைசியாக அந்தோணியின் முறை. உயரமான மனிதர், முள்ளுத்தாடி. உள்ளே வந்து என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார். நின்றவர் நின்றவர்தான். நான் கத்தினேன், அழுதேன், பொம்மைக் கட்டரை என் கழுத்துப் பக்கம் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறக்கவில்லை. வியர்வை மட்டும் கழுத்து வழியாக இறங்கியது. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். மெர்லின் நிறுத்தச் சொல்லி அவர் திரும்பியபோதுதான் பார்த்தேன், தன் கைக்குட்டையாலேயே தன் மணிக்கட்டுகளைக் கட்டி வைத்திருந்தார்.

பிறகு எதிரில் இருந்த டீக்கடையில் நானே அவரைத் தேடிப் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல் இந்தப் பக்கம் மழை எப்படி என்று கேட்டு வைத்தேன். அவர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"கை கீதே சார், அது என் பேச்சக் கேக்காது. பதினெட்டு வருஷம் பிரஸ் ஷாப்ல, இரும்புத் தகடு அடிக்கற எடத்துல வேல. மெஷின்ல ஷீட்டு நகந்துச்சுன்னா மூள யோசிக்கறதுக்குள்ள கை போயி புடிச்சிடணும். அப்டியே பழகிக்கிச்சு. அன்னிக்கு அந்தாளு ஓடியாந்தாரு, நான் ஒண்ணும் நெனைக்கல சார், கை போயிடுச்சு. எலும்பு முறிஞ்ச சத்தம் எனுக்குத்தான் மொதல்ல கேட்டுது."

"அதுக்காகக் கையைக் கட்டிக்கிறதா?"

"கட்டலன்னா போயிடும் சார்."

என் வார்டிலும் ஆரம்ப காலத்தில் "மணியம், நீ கடா மாதிரி இருக்கே, நீ பிடி" என்பார்கள். நான் பிடித்தேன். பிடித்த எத்தனையோ கைகளில் ஒன்றின் முகம்கூட எனக்கு நினைவில் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நாளைக்கு நீங்களே வருவீங்களா சார்?" என்று கேட்டார்.

நான் வரப்போவதில்லை என்று மெர்லின் மாலையில் எல்லாரையும் கூட்டி அறிவித்தார். நாளைக் காலை பத்திலிருந்து பதினொன்றுக்குள் ஒத்திகை அறையில் அல்ல, புறநோயாளிகள் கூடத்திலேயே நடக்கும். வேறு ஊர் நடிகர் வருவார், புது முகம். மருந்தகக் கதவு வழியாக வருவார். முதலில் அவரை எதிர்கொள்ளப் போவது அந்தோணிதான். அறிவித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புது முகம் கிடைக்கவில்லை. "அங்கிள், தொப்பியும் மாஸ்க்கும் தரேன். மாஸ்க் கழண்டாலும் தெரியாத மாதிரி மீசைய மட்டும் எடுத்துட்டீங்கன்னா..."

முப்பது வருஷ மீசை. படப்பை முடிதிருத்தகத்தில் அது இரண்டு நிமிஷத்தில் தரைக்குப் போனது. "சபரிமலையா சார், துக்கமா?" என்று கேட்டார் கடைக்காரர். இரண்டும் இல்லை என்றதும் ஆர்வம் இழந்து ரேடியோவைத் திருப்பினார். வீடியோவில் பார்த்த பத்மா முதலில் போனை வைத்துவிட்டாள். தப்பான எண் என்று நினைத்தாளாம்.

மூன்றாம் நாள் காலை சாம்பல் நிறத் தொழிற்சாலைச் சட்டை, தொப்பி, முகக்கவசம், சட்டைப்பையில் பொம்மைக் கட்டர் சகிதம் சாலையோரம் நின்றேன். நோயாளியின் கையில் மலேசிய போன் இருந்தால் நன்றாக இருக்காது என்று விடுதியிலேயே வைத்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. ஷேர் ஆட்டோவுக்குக் கையைக் காட்டியபோது ஒரு கம்பெனி பஸ் வந்து உரசி நின்றது. படியில் நின்றவர் என் சட்டையைப் பார்த்தார். "ஏறு பெர்சு, ஏறு! ஜெனரல் ஷிப்ட்டுக்கு ஏற்கனவே லேட்டு!" என்று முழங்கையைப் பிடித்து உள்ளே ஏற்றிவிட்டார்.

இந்த வட்டாரத்தில் சட்டை நிறம்தான் ஒருவனுக்கு முகவரி. பெயரை யாரும் கேட்பதில்லை. எனக்கும் அப்போது சந்தோஷம்தான். ஆஸ்பத்திரி வழியாகத்தானே போகும், இறங்கிக்கொள்ளலாம், சௌகரியமான சீட், ஏசி வேறு. ஆஸ்பத்திரியும் வந்தது. எழுந்து நின்று கையைத் தட்டினேன், கூவினேன். ஷிப்ட் பஸ் யாருக்காகவும் நிற்காது என்று முந்தின நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பஸ் பென்னலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலுக்குள் போய்த்தான் நின்றது. இறங்கிய எல்லாரும் அட்டையைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள். நான் மட்டும் நின்றேன்.

"பெர்சு, ஐடி எங்க?" என்றார் வாசல் அதிகாரி.

"இல்லை. நான் இந்தக் கம்பெனி ஆள் இல்லை. மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன்."

"சரி."

"பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்கணும். அங்கே நான் மனநோயாளியாக நடிக்கணும்."

அவர் முகம் உடனே கனிந்துவிட்டது. "யார் சொன்னா?"

"டாக்டர் மெர்லின் சொன்னாங்க."

"அவங்க உங்க கிட்ட மட்டும் பேசுவாங்களா, இல்ல எல்லார் கிட்டயும் பேசுவாங்களா?"

காதில் குரல் கேட்கிறது என்று வந்த ஆயிரம் பேரிடம் அந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். அதே கனிவோடுதான் கேட்டிருக்கிறேன். பதறிப்போய், ஆதாரம் காட்டுகிறேன் என்று சட்டைப்பையிலிருந்து கட்டரை எடுத்தேன். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு ஆட்கள் இரண்டு பக்கமும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் என்று சொன்னேன். பிடி இறுகியது. "நான் நர்ஸ்!" என்றேன். "ஆமா சார், நீங்க நர்ஸ்தான், டாக்டரே நீங்கதான்" என்றார் என் வலது கையைப் பிடித்திருந்தவர். என் குரல் தானாக உயர்ந்தது. குரல் உயர உயர அவர்கள் பிடி இறுகியது. பிடி இறுக இறுக நான் திமிறினேன். திமிறுவதைப் பார்த்து மூன்றாவது ஆள் வந்தார்.

கம்பெனி ஆம்புலன்ஸில் என்னை ஏற்றிவிட்டார்கள். போகிற வழியில் என் இடது கையைப் பிடித்திருந்தவர் "அமைதியா இருங்க" என்று ஏழு தடவை சொன்னார். மெர்லினின் பாடத்தில் சொல்லக் கூடாத வார்த்தைகளில் முதலாவது அதுதான். முன்பெல்லாம் அதை மனப்பாடமாகத்தான் வைத்திருந்தேன். ஏன் சொல்லக் கூடாது என்பது அந்த வண்டியில் வைத்துத்தான் புரிந்தது. நான் மூன்று தடவை உண்மையைச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஆஸ்பத்திரிக்குள் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனபோது மணி பத்தரை. கூடம் பாதி காலியாக இருந்தது. மருந்தகத்துக்குப் பக்கத்து மூலையில் என்னைப் போலவே பருத்த உடம்பு, சாம்பல் சட்டை, தொப்பி, முகக்கவசத்தோடு ஒருவன் சுவரில் முதுகை ஒட்டி நின்றான். கையில் கட்டர். அவனுக்கு எதிரே, இரண்டு கை தூரத்துக்கு அப்பால், ஒரு ஸ்டூலைப் பக்கவாட்டில் போட்டு அந்தோணி உட்கார்ந்திருந்தார். உள்ளங்கைகளை விரித்து முழங்கால் மேல் வைத்திருந்தார். கைக்குட்டை இல்லை.

யார் இந்த ஆள், மெர்லினுக்கு உண்மையிலேயே புது முகம் கிடைத்துவிட்டதா என்று நினைத்தேன். பிறகு அவன் கால்களைப் பார்த்தேன். இடது காலின் செருப்பு போன இடம் தெரியவில்லை. பாதத்தின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்து மடங்கிக்கொண்டிருந்தன. நான் முந்தின நாள் முழுக்க நடித்தவன், எனக்குத் தெரியும். முகத்தை நடிக்கலாம், குரலை நடிக்கலாம். கால்விரலைப் பற்றி எந்த நடிகனுக்கும் ஞாபகம் வராது. இவன் நிஜம்.

கூடத்தில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை. செல்வி தள்ளி நின்று, பரீட்சை எழுதுகிறவர்களைக் கண்காணிப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே கேமரா அறையில் மெர்லின் இருப்பார். தொப்பியும் சட்டையும் தெரிகிற தூரத்தில் அவனை நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். என் பின்னால் நின்றவரிடம் கிசுகிசுத்தேன்: "அது ஒத்திகை இல்லை. அந்த ஆள் நிஜம்."

"சரி சார். நீங்க சொன்னா சரிதான்."

கத்தலாமா என்று வாயைத் திறந்தேன். அந்தோணியின் கைகள் கண்ணில் பட்டன. அவை அசையாமல் இருந்தன. கட்டர் பிளாஸ்டிக் என்று அவை நம்பிக்கொண்டிருந்தன. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கைகள் மூளைக்கு முன்னால் புறப்பட்டுவிடும். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் சும்மா இருந்ததில்லை.

"டிவியில என்னையத்தான் சொல்லுதாவ" என்றான் அவன். தெற்கத்திப் பேச்சு.

"செல்வி, டிவிய ஆப் பண்ணுமா" என்றார் அந்தோணி. கூடம் அமைதியானது. "பேர் இன்னாபா?"

"இசக்கி."

"எந்த ஷிப்ட்டு?"

"எல்லா ஷிப்ட்டும்."

"தூங்கி எத்தினி நாளாச்சு?"

கட்டர் கழுத்துப் பக்கம் உயர்ந்தது. அந்தோணி நகரவில்லை. "நான் கிட்ட வர மாட்டேன். இங்கியே குந்திக்கினு கீறேன். கதவு அங்க தொறந்துதான் கீது, போணும்னா போலாம், ஒருத்தரும் மறிக்க மாட்டாங்க. ஆனா உன்னப் பாத்தா நிக்க முடியாத மாதிரி கீது. நானும் மூணு ஷிப்ட்டு ஒண்ணா பாத்தவன்தான். கண்ணுல மணல் போட்ட மாதிரி இருக்கும், இல்ல?"

"ஆமா" என்றான் இசக்கி.

எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியவில்லை. இசக்கி சுவரோடு சரிந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான். கட்டரைத் தரையில் வைத்தான். அந்தோணி அதைப் பாய்ந்து எடுக்கவில்லை. தன் தொப்பியைக் கழற்றி, மெதுவாகக் குனிந்து அதன் மேல் கவிழ்த்து வைத்தார். செல்வி தண்ணீரோடு வந்து இசக்கியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தோணி கேமராவை நிமிர்ந்து பார்த்தார். "முடிஞ்சிடுச்சா டாக்டர்? பாஸா?"

மெர்லின் மாடிப்படியில் ஓடி வந்தார். "அங்கிள், பின்னிட்டீங்க!" என்று இசக்கியின் முன்னால் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டர், நான் இங்க இருக்கேன்" என்றேன் சக்கர நாற்காலியிலிருந்து.

"இவர் காலைல இருந்தே இப்டித்தான் சொல்லிக்கினு கீறாரு மேடம்" என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

மெர்லின் இசக்கியை உள்ளே கூட்டிப்போனார். அந்தோணி குழம்பிப்போய்த் தொப்பியைத் தூக்கினார். கட்டரை எடுத்து, விளையாட்டுச் சாமான் என்ற அலட்சியத்தில் பெருவிரலால் தள்ளினார். இரும்பு அலகு டக் டக்கென்று வெளியே வந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இசக்கி போன கதவைப் பார்த்தார். பிறகு மருந்தகப் படியில் உட்கார்ந்துவிட்டார். கைகள் அப்போதுதான் நடுங்கத் தொடங்கின. இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டும் நிற்கவில்லை.

நான் விடுவிக்கப்பட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மீசை இல்லாத என்னை அடையாளம் காண அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தெரிஞ்சிருந்தா கிட்டவே போயிருக்க மாட்டேன் சார். இல்லன்னா போயி அமுக்கியிருப்பேன். ரெண்டுல ஒண்ணு."

"ஆனா போனீங்க. அமுக்கலை."

"டூப்புன்னு நெனச்சுதானே சார்."

அவர் சொன்னதையேதான் நிர்வாக அதிகாரியும் சாயங்காலம் வேறு மாதிரி சொன்னார். ஒத்திகை நடக்கவில்லை. நடக்காத ஒத்திகைக்கு மதிப்பெண் கிடையாது. நோயாளியின் மதிப்பெண் இல்லாத படிவத்தை ஏற்க முடியாது. ஏஜென்சிக்கு நாளை பதில் அனுப்பியாக வேண்டும். மெர்லின் மேசையைத் தட்டினார். நான் இப்போதே ஒத்திகையை நடத்துகிறேன் என்று எழுந்தேன். அந்தோணியே வேண்டாம் என்றுவிட்டார். இனிமேல் யார் முன்னால் போய் நின்றாலும் நிஜமோ என்று கை நடுங்கும், தன்னால் முடியாது என்றார். சொல்லிவிட்டுக் காவலாளிச் சட்டையின் பித்தளை விசிலைக் கழற்ற ஆரம்பித்தார். மெர்லின் அதை மறுபடி அவர் சட்டையிலேயே மாட்டிவிட்டு, "நோயாளி மார்க்தானே வேணும்?" என்று அதிகாரியைக் கேட்டார்.

நான்காம் நாள் எனக்கு விமானம். வடகறியைக்கூட விட்டுவிட்டுக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இசக்கி மருந்தின் உதவியில் ஒரு முழு இரவு தூங்கி எழுந்திருந்தான். அண்ணன் ஊரிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தார். மெர்லின் இருவரிடமும் எல்லாவற்றையும் விளக்கி, விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லித்தான் படிவத்தை நீட்டினார். நிர்வாக அதிகாரியும் வந்து கட்டிலருகே நின்றார். அந்தோணி உள்ளே வர மறுத்து, வாசலுக்கு வெளியே சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்.

இசக்கி படிவத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான். 'இந்தப் பணியாளரின் அருகில் நீங்கள் பாதுகாப்பாக உணர்ந்தீர்களா? ஐந்துக்கு எத்தனை?'

"நேத்து என்னெல்லாம் செஞ்சேம்னு எனக்கு நெனப்பில்ல" என்றான். நாக்கு இன்னும் கொஞ்சம் தடித்திருந்தது. "ஸ்டூல்ல இருந்த அந்த அண்ணாச்சி மட்டும் நெனப்பிருக்கு. எல்லாரும் புடிக்கத்தான வருவாவ. அவுக புடிக்கவே இல்ல."

பேனாவை வாங்கி ஐந்தைப் போட்டான். எழுத்து கோணிக்கொண்டு போனது. அதிகாரி குனிந்து பார்த்துவிட்டு, தன் பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார்.

இசக்கி கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு எழ முயன்றான். மருந்தின் தள்ளாட்டம், முடியவில்லை. அண்ணன் தாங்கப் போனார், நானும் ஓரடி வைத்தேன். அவன் இருவரையும் தலையசைத்து நிறுத்தினான்.

"பாத்ரூமுக்குப் போவணும். அந்த அண்ணாச்சியக் கூப்பிடுங்க. வந்து என் கையப் புடிச்சுக்கிடட்டும்."

மெர்லின் வாசலை எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். அந்தோணி இரண்டு கைகளையும் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.